வேர் இல்லாத டெலீட்: டேட்டாபேஸ் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸோடு புதிதாக மல்லுக்கட்டத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களையும் மனதில் வைத்து எழுதியது, மற்றவை வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன எச்சரிக்கை: கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அதனால் 'வேர்' என்று வந்தால் மரத்தின் வேர் இல்லை, எந்தெந்த வரிகளைத் தொட வேண்டும் என்று சொல்லும் பகுதி. 'நல்' என்று வந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், அதனால் வரும் தொல்லைகளுக்குத் தனியாகவே ஒரு பதில் கீழே இருக்கிறது.

அப்டேட்டில் வேர் போட மறந்துவிட்டேன். டேபிள் முழுக்க மாறிவிட்டது. திரும்பக் கொண்டுவர முடியுமா?

முதலில் கையை எடுங்கள், பதற்றத்தில் அடுத்த கட்டளையை அடிக்காதீர்கள். டிரான்சாக்‌ஷனுக்குள் (மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய கட்டளைத் தொகுப்புக்குள்) இருந்து, இன்னும் கமிட் செய்யவில்லை (மாற்றத்தை நிரந்தரமாக்கவில்லை) என்றால் ரோல்பேக் (செய்ததைத் திருப்பிவிடு) என்று அடித்தால் போதும், பிழைத்தீர்கள். ஆனால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலுமே நீங்களாக பிகின் (தொடங்கு) என்று சொல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டளையும் ஓடி முடிந்தவுடன் தானாகவே கமிட் ஆகிவிடும், அப்புறம் ரோல்பேக் செய்ய எதுவும் மிச்சமிருக்காது. அப்போது இருக்கிற வழி பேக்கப்தான்: பழைய பேக்கப்பை வேறொரு இடத்தில் மீட்டெடுத்து, அதன் மேல் மைஎஸ்க்யூஎல் என்றால் பின்லாக்கையும் போஸ்ட்கிரெஸ் என்றால் சேமித்து வைத்த வால் கோப்புகளையும் (இரண்டுமே நடந்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைப்பவை) விபத்து நடந்த நிமிடத்துக்குச் சற்று முன்வரை ஓட்டி, அங்கிருந்து அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்து வரலாம். ஆரக்கிள் என்ற டேட்டாபேஸில் ஃபிளாஷ்பேக் என்ற வசதி இருக்கிறது, சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையை (பழைய மதிப்புகளை வைத்திருக்கும் அண்டூ தரவு இன்னும் அழியாமல் இருந்தால்) வரிகளை எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையிலேயே கேட்டு வாங்கலாம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் வேர் எழுதாமல் விடவில்லை, ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். பயன்படுத்திய கருவியில், மவுஸால் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதை மட்டும் ஓட்டும் வசதி உண்டு. மூன்று வரிக் கட்டளையில் முதல் இரண்டு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிவிட்டேன், வேர் மூன்றாவது வரியில் தனியாக நின்று என்னை வேடிக்கை பார்த்தது. அன்று முதல் வேரை அப்டேட்டின் வரியிலேயே சேர்த்து எழுதுகிறேன், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது இதுதான்: அப்டேட்டோ டெலீட்டோ எழுதும் முன் அதே வேருடன் செலக்ட் போட்டு எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். பிறகு பிகின், பிறகு அப்டேட். 'இத்தனை வரிகள் மாறின' என்று அது சொல்லும் எண்ணும் நீங்கள் பார்த்த எண்ணும் ஒன்றாக இருந்தால் கமிட், இல்லாவிட்டால் ரோல்பேக். பிகின் போட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், அந்த வரிகளை மாற்ற வேண்டிய மற்ற எல்லாரும் நீங்கள் திரும்பி வரும்வரை பூட்டுக்கு வெளியே காத்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல் கிளையண்ட்டில் சேஃப்-அப்டேட்ஸ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. வேரில் கீயும் (விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசை) இல்லை, லிமிட்டும் (எத்தனை வரி என்ற வரம்பு) இல்லை என்றால் அப்டேட்டையும் டெலீட்டையும் அது ஓட்டவே மறுத்துவிடும். அதற்கு 'ஐ-ஆம்-எ-டம்மி' என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள், கேலி இல்லை, உண்மையான ஆப்ஷன். வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டேபிளை உருவாக்குவது, மாற்றுவது, டிராப் செய்வது போன்ற கட்டளைகளை போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டு ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் இரண்டிலும் முடியாது, அப்படி ஒரு கட்டளை வந்தவுடன் அதற்கு முன் செய்ததையும் சேர்த்து கமிட் ஆகிவிடும். டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் டிரங்கேட்டுக்கும் இதே கதைதான்.

குவெரி மெதுவாக ஓடுகிறது. எங்கே தொடங்குவது?

எக்ஸ்பிளெய்ன். குவெரிக்கு (தரவைக் கேட்கும் கட்டளைக்கு) முன்னால் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால், டேட்டாபேஸ் இதை எப்படி ஓட்டப்போகிறது, எந்த டேபிளை முழுக்கப் படிக்கப்போகிறது, எந்த இண்டெக்ஸைப் பிடிக்கப்போகிறது என்று திட்டத்தைக் காட்டும். பலர் இதைப் பார்க்காமலேயே ஊகத்தில் இண்டெக்ஸ் போடுகிறார்கள், அது காய்ச்சல் பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரி.

எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்றால் குவெரியை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை வரி வந்தது என்று சொல்லும் (போஸ்ட்கிரெஸில் வெகு காலமாக இருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லில் 8.0.18 முதல்). 'உண்மையிலேயே ஓட்டும்' என்பதைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸில் டெலீட்டுக்கு முன்னால் போட்டால் வரிகள் நிஜமாகவே போய்விடும், பிகினுக்கும் ரோல்பேக்குக்கும் நடுவில் வைத்து ஓட்டுங்கள்.

அந்த அறிக்கையில் நான் முதலில் தேடுவது நேரத்தை இல்லை, எதிர்பார்த்த வரிகளின் எண்ணிக்கையும் வந்த வரிகளின் எண்ணிக்கையும் எங்கே பிரிகின்றன என்பதைத்தான். பத்து வரி வரும் என்று நினைத்த இடத்தில் இரண்டு லட்சம் வந்திருந்தால், அதை நம்பித் தேர்ந்தெடுத்த ஜாயின் (டேபிள்களை இணைக்கும்) முறையும் தவறாகத்தான் இருக்கும். பல சமயம் டேபிளுக்கு ஒரு அனலைஸ் ஓட்டிப் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்தாலே சரியாகிவிடும், குறிப்பாக ஏராளமான தரவை இப்போதுதான் உள்ளே கொட்டியிருந்தால்.

இண்டெக்ஸ் போட்டிருக்கிறேன், ஆனால் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. ஏன்?

அடிக்கடி கண்ணில் படும் காரணம், நெடுவரிசையை ஏதாவது ஃபங்ஷனுக்குள் போட்டு மூடியிருப்பது. 'ஆண்டு(தேதி) = 2023' என்று எழுதினால் ஒவ்வொரு வரியிலும் ஆண்டைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விடை தெரியும், தேதிக்குப் போட்ட சாதாரண இண்டெக்ஸ் அங்கே கைகொடுக்காது. 'தேதி 2023 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், 2024 ஜனவரி 1க்கு முன்' என்று நெடுவரிசையை வெறுமனே விட்டு எழுதுங்கள், இண்டெக்ஸ் வேலை செய்யும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுவதும் இதே பிரச்சினைதான். தவிர்க்க முடியாது என்றால் அந்த ஃபங்ஷனின் விடைக்கே இண்டெக்ஸ் போடும் வசதி போஸ்ட்கிரெஸில் உண்டு, மைஎஸ்க்யூஎல்லிலும் 8.0 வரிசையில் வந்துவிட்டது.

எழுத்துப் பொருத்தம் தேடும் லைக்கில் % குறியை ('இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்') முதலிலேயே போட்டாலும் அப்படித்தான். அகராதியில் 'க' என்று தொடங்கும் சொற்களைச் சட்டென்று எடுக்கலாம், 'க' என்று முடியும் சொற்களை எடுக்க முழு அகராதியையும் புரட்ட வேண்டும்.

மூன்றாவது காரணம் பார்த்தால் தெரியாது. மைஎஸ்க்யூஎல்லில் தொலைபேசி எண்ணை எழுத்து வகை நெடுவரிசையில் வைத்திருப்பீர்கள், குவெரியில் மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுப்பீர்கள். அது பிழை சொல்லாது, விடையும் சரியாகவே வரும், ஆனால் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றி ஒப்பிட்டுக்கொண்டு இண்டெக்ஸை ஓரமாகத் தள்ளிவிடும். இரண்டு மேற்கோள் குறி சேர்த்ததும் குவெரி பறக்கும். போஸ்ட்கிரெஸ் இந்த ஒப்பீட்டுக்கு முகத்தில் அடித்த மாதிரி பிழை காட்டிவிடும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பல நெடுவரிசைகளைச் சேர்த்துப் போட்ட இண்டெக்ஸில் வரிசை முக்கியம். (குடும்பப்பெயர், பெயர்) என்று போட்டால் குடும்பப்பெயரை வைத்துத் தேடலாம், இரண்டையும் வைத்துத் தேடலாம், பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் பயனில்லை. சமமா என்று பார்க்கும் நெடுவரிசைகளை முன்னாலும், பெரியது சிறியது என்று பார்ப்பதைப் பின்னாலும் வையுங்கள்.

கடைசியாக, டேபிள் ரொம்பச் சிறியதாக இருந்தாலோ, உங்கள் நிபந்தனைக்குப் பாதி டேபிள் பொருந்தினாலோ, முழுவதையும் படிப்பதே மலிவு என்று அது முடிவு செய்யும். அது சரியான முடிவு, அதோடு சண்டை போடாதீர்கள்.

அப்படியானால் எல்லா நெடுவரிசைக்கும் ஒரு இண்டெக்ஸ் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு இன்சர்ட்டும் எல்லா இண்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும், எழுதும் வேகம் படுத்துவிடும், வட்டிலும் இடம் போகும். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஃபாரின் கீ நெடுவரிசைக்கு (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டுவது) மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எந்திரம் தானாகவே இண்டெக்ஸ் போட்டுவிடும், போஸ்ட்கிரெஸ் போடாது. தாய் டேபிளில் ஒரே ஒரு வரியை அழிக்க நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால் முதலில் அங்கேதான் பாருங்கள்.

நாட் இன் போட்டால் ஒரு வரியும் வரவில்லை. வர வேண்டிய வரிகள் கண்ணெதிரே இருக்கின்றனவே?

உள்ளே இருக்கும் பட்டியலில் எங்கோ ஒரு நல் ஒளிந்திருக்கிறது. நல் என்றால் பூஜ்யமும் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை, 'தெரியாது' என்று பொருள். 5 என்பது (1, 2, தெரியாது) என்ற பட்டியலில் இல்லையா என்று கேட்டால், அந்தத் தெரியாதது ஐந்தாகவே இருக்கலாமே! அதனால் விடையும் 'தெரியாது', அது உண்மை என்று உறுதியாகாததால் வரி வெளியே வராது. எல்லா வரிக்கும் இதே கதி. நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றி எழுதுங்கள், இந்தத் தொல்லை இல்லை.

இதே குடும்பத்துத் தொல்லைகள் இன்னும் சில. '= நல்' என்று எழுதினால் எதுவும் வராது, 'இஸ் நல்' என்றுதான் எழுத வேண்டும். 'நிலை <> மூடியது' என்று கேட்டால் நிலையே குறிக்கப்படாத வரிகள் விடுபட்டுப்போகும், அறிக்கைகளில் எண்கள் ஒத்துவராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். கவுண்ட்(*) எல்லா வரியையும் எண்ணும், கவுண்ட்(நெடுவரிசை) நல் இருக்கும் வரிகளை விட்டுவிடும். ஆரக்கிளில் வெற்றுச் சொல்லையும் நல்லாகவே எடுத்துக்கொள்ளும், அங்கிருந்து வேறு டேட்டாபேஸுக்கு மாறும்போது இது கட்டாயம் காலை வாரும். மதிப்பு இல்லாமல் இருக்கவே கூடாத நெடுவரிசைகளுக்கு டேபிள் உருவாக்கும்போதே நாட் நல் போட்டுவிட்டால் இதில் பாதி பிரச்சினை பிறக்கவே பிறக்காது.

லெஃப்ட் ஜாயின் போட்டும் பொருந்தாத வரிகள் வரவில்லையே?

வலது பக்க டேபிளுக்கான நிபந்தனையை வேரில் எழுதியிருப்பீர்கள். பொருந்தாத வரிகளுக்கு அந்தப் பக்கம் முழுக்க நல், வேர் அவற்றை வடிகட்டி எறிந்துவிடும், லெஃப்ட் ஜாயின் சத்தமில்லாமல், பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினாகிவிடும். அந்த நிபந்தனையை ஆன் பகுதிக்கு மாற்றுங்கள்.

இன்னொரு டேபிளை ஜாயின் செய்ததும் கூட்டுத்தொகை இரண்டு மூன்று மடங்காகிவிட்டது. டிஸ்டிங்க்ட் போட்டால் போதுமா?

போதாது, அது இன்னும் மோசமாக்கும். ஒரு பில்லுக்கு மூன்று பொருள்கள், இரண்டு தவணைப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லை இரண்டு டேபிளோடும் ஜாயின் செய்தால் மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு வரி வரும், ஒவ்வொரு தவணையும் மூன்று முறை கூட்டப்படும். ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட்டைப் போட்டால் 500, 500 என்று இரண்டு தவணையும் ஒரே தொகையாக இருக்கும்போது ஒன்றைத் தின்றுவிடும், தவறு இப்போது எதிர்ப்பக்கம் சாயும். தவணைகளைத் தனி துணைக்குவெரியில் பில் வாரியாகக் கூட்டி, பில்லுக்கு ஒரு வரி என்று ஆக்கிய பிறகு ஜாயின் செய்யுங்கள். பொதுவாகவே, ஏன் என்று தெரியாமல் போட்ட டிஸ்டிங்க்ட்டைப் பார்த்தால் அதற்குக் கீழே ஒரு தவறான ஜாயின் இருக்கும் என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

பணத்தை ஃபுளோட்டில் வைக்கலாமா?

கூடாது. பைனரி ஃபுளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக எழுதவே முடியாது, 0.1 உடன் 0.2 கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். டெசிமல் அல்லது நியூமெரிக், இல்லையென்றால் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக.

மாதக் கடைசி நாளின் வரிகள் மட்டும் அறிக்கையில் குறைகின்றன. ஏன்?

'மார்ச் 1க்கும் மார்ச் 31க்கும் இடையே' என்று பிட்வீன் போட்டிருப்பீர்கள். நெடுவரிசையில் நேரமும் இருந்தால், 'மார்ச் 31' என்பதை அன்று பிறக்கும் நள்ளிரவு 00:00 என்றுதான் எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகான முழு நாளும் போச்சு. 'மார்ச் 1 முதல், ஏப்ரல் 1க்கு முன்' என்று எழுதுங்கள். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்துவிட்டு, காட்டும்போது மட்டும் அந்தந்த நேரமண்டலத்துக்கு மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும், அதனால் முப்பது வருடக் கடன் மாதிரியான எதிர்காலத் தேதிகளை அதில் வைக்காதீர்கள்.

தமிழில் சேமித்தால் வெறும் கேள்விக்குறியாக வருகிறது. காப்பாற்ற முடியுமா?

டேபிளுக்குள்ளேயே கேள்விக்குறிதான் இருக்கிறது என்றால் முடியாது, எழுத்து போயே போய்விட்டது. டேபிள், இணைப்பு இரண்டில் ஒன்றின் எழுத்துக்குறி முறையை (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) பழைய லத்தீனிலேயே விட்டுவைத்தால் இது நடக்கலாம், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் என்வார்கார் வகை நெடுவரிசை வேண்டும், அதோடு கைப்பட எழுதும் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்' போட வேண்டும். கேள்விக்குறிக்குப் பதிலாக ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று விசித்திரக் குறிகள் வருகின்றன என்றால் பயப்படாதீர்கள், பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு, பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பழைய பெயர் ஏமாற்றும். அது ஒரு குறிக்கு அதிகபட்சம் 3 பைட்தான் கொடுக்கும். தமிழுக்கு மூன்றே போதும், அதனால் எல்லாம் ஒழுங்காக ஓடும், யாராவது ஒரு ஸ்மைலி போடும்வரை. அதற்கு 4 பைட் வேண்டும். 'யூடிஎஃப்8எம்பி4' என்பதையே எடுங்கள், 8.0 முதல் அதுதான் இயல்பாக வரும்.

நீளத்தையும் கவனியுங்கள். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் 5 குறிகள், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஆரக்கிளில் வார்கார்2(10) என்றால் இயல்பாக 10 பைட், அதில் 'தமிழ்' நுழையாது. இன்னொரு நுணுக்கம்: 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் கொம்பும் கால் குறியும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக ஒப்பிட்டால் ஒன்றில்லை என்று சொல்லும். உள்ளே வரும் எழுத்தை என்எஃப்சி என்ற சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் கணக்கு தவறுகிறது. டிரான்சாக்‌ஷன் போட்டிருக்கிறேனே?

டிரான்சாக்‌ஷன் மட்டும் போதாது. இருப்பு 100 என்று இருவரும் படிக்கிறார்கள், ஒருவர் 30 கழித்து 70 என்று எழுதுகிறார், மற்றவர் 50 கழித்து 50 என்று எழுதுகிறார், முதல்வரின் 30 காற்றில் போனது. படித்து, நிரலில் கணக்குப் போட்டு, திரும்ப எழுதுவதால் வரும் வினை இது. 'இருப்பு = இருப்பு - 30, வேர் இருப்பு >= 30' என்று ஒரே அப்டேட்டில் கழித்துவிட்டு எத்தனை வரி மாறியது என்று பாருங்கள், பூஜ்யம் என்றால் பணம் போதவில்லை. கணக்கு சிக்கலாக இருந்து கட்டாயம் முதலில் படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் செலக்ட்டின் கடைசியில் ஃபார் அப்டேட் சேர்த்து அந்த வரியைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

பூட்டு என்று வந்துவிட்டால் டெட்லாக்கும் வரும்: நான் உங்களுக்காகக் காத்திருக்கிறேன், நீங்கள் எனக்காக. டேட்டாபேஸே கண்டுபிடித்து ஒருவரைத் தூக்கிவிடும். எல்லா இடத்திலும் வரிகளை ஒரே வரிசையில் (எடுத்துக்காட்டாக, ஐடி ஏறுவரிசையில்) பூட்டினால் வெகுவாகக் குறையும். மிச்சத்துக்கு, டெட்லாக் பிழை வந்தால் முழு டிரான்சாக்‌ஷனையும் மறுபடி ஓட்டும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.

ஒரே நெடுவரிசையில் காற்புள்ளி போட்டுப் பல மதிப்புகளை வைத்தால் என்ன?

இன்று சுலபம், நாளை அழுகை. '1' என்று தேடினால் 11ம் 21ம் சேர்ந்து வரும், ஃபாரின் கீ போட முடியாது, சாதாரண இண்டெக்ஸும் உதவாது. 1970ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே, கட்டத்துக்குள் இன்னொரு பட்டியல் இருந்தால் அதைத் தனி உறவாகப் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு இணைப்பு டேபிள் போடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் புது நெடுவரிசை சேர்த்தேன், தளமே நின்றுவிட்டது. சின்ன மாற்றம்தானே?

மாற்றம் சின்னதுதான், வரிசைதான் நீளம். போஸ்ட்கிரெஸில் ஆல்டர் டேபிளுக்கு (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) முழுப் பூட்டு வேண்டும். யாரோ ஒரு நீளமான அறிக்கைக் குவெரியை ஓட்டிக்கொண்டிருந்தால் ஆல்டர் அதற்குப் பின்னால் நிற்கும், அதற்கு அப்புறம் வருகிற சாதாரண செலக்ட்டுகளெல்லாம் ஆல்டருக்குப் பின்னால் நிற்கும். ஒரு நொடி வேலைக்கு ஊரே காத்திருக்கும். அதனால் லாக் டைம்அவுட்டை இரண்டு மூன்று நொடி என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள், பூட்டு கிடைக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலலாம். இண்டெக்ஸ் என்றால், மற்றவர்கள் எழுதுவதைத் தடுக்காமல் உருவாக்கச் சொல்லும் கன்கரண்ட்லியைச் சேர்த்துப் போடுங்கள். அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது, பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்றை விட்டுவைத்துப் போகும், அதை நீங்களே டிராப் செய்ய வேண்டும்.

ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

நீங்கள் வேர் இல்லாமல் ஓட்டிய டெலீட் அடுத்த நொடியே ரெப்ளிகாவுக்கும் (உடனுக்குடன் நகலாகும் இன்னொரு சர்வர்) போய்விடும், அதற்குத்தான். எந்திரம் செத்தால் ரெப்ளிகா காப்பாற்றும், மனிதர் தவறு செய்தால் பேக்கப்தான்.

பேக்கப் 'எடுக்கிறோம்' என்பதும் ஒரு பதில் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகாவின் தரவுக் கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். பிறகு தேடிப் பார்த்தால், தினசரி பேக்கப் தவறான போஸ்ட்கிரெஸ் பதிப்புக் கருவியால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அந்த நேர்மைக்கு என் மரியாதை. மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை வேறு எந்திரத்தில் மீட்டெடுத்து, வரிகளை எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்து வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பேக்கப் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் என்றால் சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனோடு எடுங்கள், இல்லாவிட்டால் பல டேட்டாபேஸ்களைச் சேர்த்து எடுக்கும்போது ஒன்று ஒரு நேரத்து நிலையிலும் இன்னொன்று வேறு நேரத்து நிலையிலும் கிடக்கலாம். அப்புறம் உங்கள் டெர்மினலில் நிஜ சர்வருக்குச் சிவப்புப் பின்னணி வையுங்கள், ஒரு பைசா செலவில்லை.

ஓஆர்எம் பயன்படுத்துகிறேன். இதெல்லாம் எனக்கு எதற்கு?

ஓஆர்எம் என்பது உங்கள் நிரலுக்காகக் குவெரிகளைத் தானே எழுதிக் கொடுக்கும் கருவி, அது எழுதும் எஸ்க்யூஎல்லைக் குவெரி லாக்கைத் திறந்து ஒருமுறை பாருங்கள். நூறு பில்களைக் காட்டும் பக்கத்துக்கு, பில்களுக்கு ஒரு குவெரியும் ஒவ்வொரு பில்லின் வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக நூறு குவெரியும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கணினியில் தெரியாது, சர்வர் வேறு எந்திரத்தில் இருந்து ஒவ்வொரு போக்குவரத்துக்கும் 2 மில்லிநொடி ஆனால் அதிலேயே 200 மில்லிநொடி போய்விடும். எல்லா ஓஆர்எம்மிலும் தொடர்புள்ளவற்றை முன்கூட்டியே சேர்த்து எடுக்கச் சொல்லும் வழி இருக்கும், அதைத் தேடிப் போடுங்கள். அதோடு, ஓஆர்எம்மைத் தாண்டி நேரடியாகக் குவெரி எழுதும் அந்த இரண்டு மூன்று இடங்களில், பயனர் தட்டிய எழுத்தைக் குவெரியோடு ஒட்டாமல் பாராமீட்டராக அனுப்பியிருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.